சீட்டுல என்னன்னு எழுத?

உக்காரும்மா, உக்காரு. நின்னபடியே வாங்கிட்டு ஓடிடலாம்னு வந்தியாக்கும். இது என்ன பஸ் டிக்கெட்டா, கிழிச்சுக் கையில குடுக்க? மன்னிப்புச் சீட்டு. நீ சொல்லச் சொல்ல நான் எழுதணும், எழுதினத உனக்குப் படிச்சுக் காட்டணும், அதுக்கப்புறம்தான் நீ கையெழுத்துப் போடணும். அந்த நாற்காலி ஆடும். இதுல உக்காரு.

அவரு வராண்டாவுலயே இருக்கட்டும். சபை செயலாளரா இருந்தா என்ன, சீட்டு எழுதும்போது எழுதறவளும் மன்னிக்கறவளும் மட்டும்தான் இந்த அறையில இருக்கணும். நான் சொல்லல, அவங்க போட்ட சட்டம். கதவு தெறந்தே கெடக்கட்டும், புழுங்குது. கேக்கும்னு பயப்படாத. அவருக்கு இடது காது சுத்தமாக் கேக்காது, வலது காத செல்போனுக்குக் குடுத்துட்டாரு. ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா பெரியவருக்குத் தகவல் போகுது பாரு. வந்துட்டா, உக்காந்துட்டா, பேனா எடுத்தாச்சு. கிரிக்கெட் கமெண்ட்ரி தோத்துப் போகும்.

பொண்ணு எங்க? வீட்லயா? கூட யாரு இருக்கா? யாரும் இல்லையா... பூட்டிட்டா வந்த? வெளிப்பக்கமா? அடேங்கப்பா. செஞ்சவரு தோட்டத்துல காத்து வாங்கிக்கிட்டு நடக்கறாரு, பதினஞ்சு வயசுப் பொண்ணு உள்ள பூட்டிக் கெடக்குது. சரி, நான் எதுக்குச் சொல்லணும். உன் வீடு, உன் பூட்டு. இல்லல்ல, வீடு சபை குடுத்த வீடு. பூட்டு மட்டும்தான் உன்னோடது.

வேலையப் பாப்போம். இந்தா, எழுதிட்டேன். மன்னிக்கறவர், தாய், மகளுக்குப் பதிலா. மன்னிக்கப்படறவர், பெரியவர். தேதி போட்டாச்சு. அடுத்து என்ன? எத மன்னிக்கிற, சொல்லு.

நடந்ததையா? நடந்ததுன்னா எது? கல்யாணமும்தான் நடக்குது, எலெக்‌ஷனும்தான் நடக்குது. எது நடந்துச்சுன்னு மன்னிக்கிற?

நான் எதுக்கு உன்கிட்ட வம்பு பண்ணப் போறேன்? விதி அப்படிம்மா. சபையை ஆரம்பிச்சாரே, பெரியவரோட அப்பா, அவரு எழுதி வச்சுட்டுப் போனது. எத மன்னிக்கிறோம்னு தெளிவாச் சொல்லாம மன்னிச்சா, அந்த மன்னிப்பு செல்லாது. எந்த நாளு, எந்த எடம், யாரு, என்ன செஞ்சாங்க, எல்லாத்தையும் எழுதணும். ரெண்டு கமிட்டிக்காரங்க படிச்சுப் பாத்து சாட்சிக் கையெழுத்துப் போடணும். அந்த மனுஷன் வேலிச் சண்டைக்கும் மாமியா மருமக சண்டைக்கும் யோசிச்சுப் போட்ட சட்டம். தான் கண்ண மூடினதும் மகன் இருபத்தஞ்சு வயசுலயே பெரியவர்னு பேர் வாங்கிக்கிட்டு, இந்தச் சட்டத்த இப்படிப் பொழங்குவான்னு அவருக்கு என்ன தெரியும்.

மனவருத்தம்னு ஒரு வார்த்தை போட்டாப் போதும்னு செயலாளர் சொல்லி அனுப்பினாரா? நெனச்சேன். அவருக்கு அந்த வார்த்தை மேல ஒரு பாசம். ஆறு வருஷத்துக்கு முன்னால தையல்காரி பொண்ணு சீட்டுக்கு இதே கமிட்டி ஒரு மணி நேரம் உக்காந்து பேசுச்சு. நான் ஓரமா உக்காந்து குறிப்பு எடுத்துக்கிட்டிருந்தேன். அந்தப் பொண்ணு, பெரியவர் மேல கை வச்சாருன்னு சொல்லியிருந்தா. கை வச்சாருன்னா கடுமையா இருக்கு, கை பட்டதுன்னு போடலாம்னாரு ஒருத்தரு. ஆகா, அருமைன்னாரு இன்னொருத்தரு. நான் கேக்கணும்னு நெனச்சேன், அது என்ன, கை தானாக் கழண்டு போய்ப் பட்டுட்டு, திரும்பி வந்து தோள்ல மாட்டிக்கிச்சான்னு. கேக்கல. கை பட்டதுன்னு எழுதினேன். கடைசியில நம்ம ரிட்டயர்டு வாத்தியார் அந்தச் சீட்ட வாங்கி, செவப்பு மையில ரெண்டு எடத்துல ஒற்றுப் போட்டுக் குடுத்தாரு. ஒரு சின்னப் பொண்ணு வயித்தெரிச்சல்ல அந்த மனுஷன் கண்ணுக்குப் பட்டது அது ஒண்ணுதான்.

உன் பொண்ணு உன் மானத்த வாங்கிட்டாளா? எப்ப? ஓ, போன வாரம் சபைக் கூடத்துல.

நீ எங்க பாத்த, தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்த. நான் முன்னால மேசையில இருந்தேன், முந்நூறு மூஞ்சியும் எனக்குத்தான் தெரிஞ்சுது. செயலாளர் எழுந்து ஒரு கனைப்புக் கனைச்சு சீட்டு நம்பர வாசிச்சாரு. பெரியவரு வழக்கம்போல கண்ண மூடி, தலைய ஒரு பக்கமாச் சாச்சு, பசிக்கிற புள்ள மாதிரி உக்காந்துக்கிட்டாரு. இவ எழுந்து நின்னா. மன்னிச்சேன்னு மூணு தடவ சொல்லணும், சபை மொத்தமும் மறந்தோம்னு ஒரு தடவ சொல்லும், அதோட முடிஞ்சுது. அப்புறம் யாராவது அதப் பத்திப் பேசினா, செஞ்சவன விட பேசினவனுக்குத்தான் பாவம் அதிகம். எவ்வளவு வசதியான ஏற்பாடு பாரு.

இவ வாயத் தெறக்கல. செயலாளர் இன்னொரு கனைப்புக் கனைச்சாரு. அப்பத்தான் சொன்னா, மாட்டேன்னு. கத்தல, அழல. இன்னொரு தோசை வேணுமான்னா வேணாம்னு சொல்ற மாதிரிச் சொன்னா. அதுக்கு அந்த முந்நூறு பேரும் என்ன செஞ்சாங்க? மறந்தோம்னாங்க! பழக்க தோஷம். அந்தப் பொண்ணு என்ன சொன்னான்னு ஒருத்தன் காதுல போய் விழல. நிறுத்தற எடத்துல அவ நிறுத்தினதும், மறந்தோம்னு சொல்ற எடம் வந்துட்டதுன்னு நெனச்சுட்டாங்க. இத்தனை வருஷத்துல எனக்கு அவ்வளவு சிரிப்பு வந்தது கெடையாது. அவ்வளவு ஆத்திரமும் வந்தது கெடையாது.

அப்பத்தானே நம்ம சமையக்கட்டு அம்மா எந்திரிச்சுது. கரண்டியத் தவிர வேற எதையும் தூக்கிப் பாக்காத பொம்பள. நான் மறக்கலைன்னுச்சு. பின்னாலயே நர்ஸம்மா, நானும் மறக்கலன்னாங்க. தையல்காரி சும்மா எந்திரிச்சு நின்னா, ஆனா உக்கார மாட்டேன்னுட்டா. ஏழு பேரு. அவங்கவங்க புருஷங்கார‌ன் ஆம்பளைங்க பக்கத்துலேருந்து கண்ணாலயே உக்காரு உக்காருன்னு கெஞ்சறான், ஒருத்தி திரும்பிப் பாக்கல. பெரியவரு கண்ணத் தெறந்து பாத்துட்டு மறுபடி மூடிக்கிட்டாரு. எண்ணிக்கை அவருக்குச் சரியா இருந்திருக்கும்போல.

நீயும் எந்திரிச்ச. நான் பாத்தேன். எட்டாவது ஆளுன்னு சந்தோஷப்பட்டேன், பைத்தியக்காரி. நீ எந்திரிச்சு, உன் பொண்ணு கையப் புடிச்சு இழுத்து உக்கார வச்ச.

அழாத. அழுதா சீட்டு நனையும், எனக்குத்தான் இன்னொரு தாள் செலவு.

அப்புறம் என்ன ஆச்சு? பெரியவரு மைக்கப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. குழந்தைக்கு இன்னும் பக்குவம் வரல, தாய் மன்னிப்பாள்னாரு. பதினெட்டு வயசு ஆகாத புள்ளைக்குப் பதிலாத் தாயோ தகப்பனோ மன்னிக்கலாம்னு ஒரு பிரிவு இருக்குல்ல, அது எப்படியோ அவருக்கு மட்டும் மனப்பாடம். அவ பட்டது அவ உடம்புல. மன்னிக்கறது நீ. இவருக்குப் பல்லு வலிச்சா செயலாளர் போய் பல்லப் புடுங்கிட்டு வருவாராமா?

சரி, சொல்லு. எந்த நாளு? தெரியாது. எந்த அறை? உபதேச அறைன்னு நெனக்கிறியா? நெனக்கிற. எத்தனை தடவ? அதுவும் தெரியாது. அப்ப எதுக்கும்மா நீ மன்னிக்கிற?

கேட்டியா அவகிட்ட? கேக்கலையா, கேக்க முடியலையா? கேட்டா அவ சொல்லிடுவாளோன்னு பயம். எனக்குச் சொன்னாளே. இதே நாற்காலியில உக்காந்துதான் சொன்னா, போன மாசம், செயலாளர் அவளக் கூட்டிக்கிட்டு வந்து விட்ட அன்னிக்கு. பத்து நிமிஷம். நாளு, நேரம், அறை, எல்லாம் பிசிறில்லாமச் சொன்னா. முடிச்சதும், அக்கா, இத எழுதினா அவர என்ன பண்ணுவாங்கன்னு கேட்டா. ஒண்ணும் பண்ண மாட்டாங்க, நீ மன்னிப்பன்னேன். அப்படியான்னா. அவ்வளவுதான், எந்திரிச்சுப் போயிட்டா. அந்த அப்படியான்னு கேட்டாளே, அதுலேருந்து எனக்குச் சோறு எறங்கல.

படிக்கட்டுமா, அவ சொன்னத? வேணாமா? எனக்கு மனப்பாடம். ஒரே ஒரு வரி கேளு, நீ அம்மா. கதவச் சாத்திட்டு பாடம் ஒப்பிக்கச் சொன்னாரு. ஒப்பிச்சுக்கிட்டே இருந்தா நிறுத்திடுவாருன்னு நெனச்சேன். அதனால மூணு பாடத்தையும் முழுசா ஒப்பிச்சேன், அவரு நிறுத்தல. இப்படித்தான் எழுதச் சொன்னா. நான் அப்படியே எழுதினேன். வாத்தியாருக்கு ஒரு எடத்துலயும் ஒற்றுப் போட வழியில்ல.

தண்ணி குடி. ஜாடியில இருக்கு.

ம்... கேட்டுட்ட பாத்தியா. இத்தனை நேரம் யாராவது கேக்க மாட்டாங்களான்னுதான் இருந்தேன். ஆமா, நான்தான் எழுதினேன். இருபத்தாறு வருஷம், பெரியவர் பேருக்கு மட்டும் பதினேழு சீட்டு. ஒவ்வொண்ணும் ரெண்டு பிரதி. ஒருத்திகிட்டயும் எழுதாதன்னு நான் சொன்னதில்ல. அழுதவளுக்குத் தண்ணி குடுத்தேன், அதுவே பெரிய தர்மம்னு நெனச்சுக்கிட்டேன். நான் யோக்கியம்னு உன்கிட்ட சொன்னேனா? கமிட்டியில இருக்கற அஞ்சு கழுதைக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம்தான். அவங்க கையெழுத்து கோணலா இருக்கும், என்னோடது நேரா இருக்கும்.

ஆனா ஒண்ணு பாரு. வேற எடத்துல எல்லாம் இந்த மாதிரி செய்யறவன் தடயத்த மறைப்பான். நம்ம ஆளுங்க இருக்காங்களே, செல்லுபடியாகணும், செல்லுபடியாகணும்னு, நாளு, எடம், பேரு, செஞ்ச காரியம், அதுக்குக் கீழ ரெண்டு சாட்சி, அதுக்கும் கீழ சபை முத்திரை, எல்லாத்தையும் போட்டு அலமாரியில வருஷ வாரியா அடுக்கி வச்சிருக்காங்க. இப்படி ஒரு புத்திசாலிக் கூட்டம் உலகத்துல வேற எங்க கெடைக்கும்?

அந்த அலமாரியத் தெறந்து பாரு. போ, பாரு. காலி. முந்தாநாள் காலையில நாங்க எட்டுப் பேரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்தோம். சமையக்கட்டு அம்மா காய்கறிக் கூடையில வச்சு எல்லாச் சீட்டுக் கட்டையும் தூக்கிட்டு வந்துச்சு, வாசல்ல நின்ன செயலாளரு கூடையத் தூக்கி வண்டியில வைக்க ஒரு கை குடுத்தாரு. நல்ல மனுஷன். அங்க ஒரு பொம்பள அதிகாரி, மூணு மணி நேரம் படிச்சா. சர்வீஸ்ல இவ்வளவு தெளிவான புகார நான் பாத்ததே இல்ல, சாட்சி கூட நீங்களே போட்டுக் கொண்டாந்துட்டீங்கன்னா.

அப்புறம் அவ ஒண்ணு சொன்னா. கவனமாக் கேளு, இதுக்குத்தான் உன்ன உக்கார வச்சு இவ்வளவு பேசறேன். பழைய சீட்டு எல்லாத்துக்கும் வக்கீல் வந்து, அதான் அவங்களே மன்னிச்சாச்சே, இப்ப எதுக்குப் பேசறாங்கன்னு கேப்பான். பதில் சொல்லலாம், ஆனா இழுக்கும். இந்தப் பொண்ணு ஒருத்திதான் மன்னிக்கல. இவளோடது நின்னா, மத்ததெல்லாம் இவ பின்னால வந்து நிக்கும். பொண்ணோட அம்மா கூட நிக்கணும், வேற ஒண்ணும் வேணாம்னா. அதுக்குத்தான் வெளியில செயலாளர் காத்துக்கிட்டு நிக்கறாரு, புரியுதா? நீ பொண்ணு பக்கம் நிக்கறதுக்குள்ள உன் கையெழுத்த வாங்கிடணும்.

வீடு போகும். ஆமா, போகும். உன் புருஷனுக்கு சபை வேன் ஓட்டற வேலையும் போகும். இல்லைன்னு சொல்ல மாட்டேன். நர்ஸம்மா வீட்டு மாடியில ரெண்டு அறை காலியா இருக்கு, வண்டி ஓட்டத் தெரிஞ்சவன் எங்கயும் பட்டினி கெடக்க மாட்டான். உன் புருஷனுக்கு இது தெரியுமா? தெரியும். நீயே பாத்துக்கன்னாரா? வண்டியில ஒரு கீறல் விழுந்தா ஊரையே கூட்டற மனுஷன்.

யாரு கட்டிப்பாங்கன்னா? நீ இப்ப அதுக்கா வந்த? மன்னிச்சா மட்டும் மாப்பிள்ள வரிசையில வந்து நிக்கப் போறானா? நிப்பான், கமிட்டியே ஒருத்தனப் புடிச்சுக் குடுக்கும், தையல்காரி பொண்ணுக்குப் புடிச்ச மாதிரி. அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்கான்னு போய்ப் பாத்துட்டு வந்து பேசு.

என்ன சொன்ன? சரியாக் கேக்கல. சின்னப் புள்ள, நாலு வருஷம் போனா மறந்துடும்னா?

ம்.

நான் இந்த வேலைக்குச் சேந்த மூணாவது நாள், பழைய சீட்டையெல்லாம் தூசி தட்டிக் கட்டி வைக்கச் சொன்னாங்க. எனக்கு அப்ப இருபத்தாறு வயசு. அடுக்கிக்கிட்டே வரேன், நாப்பத்தொண்ணாம் நம்பரு. எவனோ கோழி கிண்டின மாதிரி எழுதியிருக்கான். மன்னிக்கறவர் தாய், மகளுக்குப் பதிலா. மகளுக்கு வயசு பதிமூணு. மன்னிக்கப்படறவர் பெரியவர். விவரம் ரெண்டே வரி, ரெண்டும் தப்பு. நாளும் தப்பு, எடமும் தப்பு. கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு எழுதல, பாவிங்க. எனக்கு எப்படித் தெரியும்னா பாக்கற? என்ன விட வேற யாருக்கும்மா தெரியும்.

கீழ கைநாட்டு. கட்டைவிரல் ரேகைக்கு நடுவுல குறுக்க ஒரு வெள்ளைக் கோடு, கதவு இடுக்குல நசுங்கின தழும்பு. எனக்குத் தலை வாரி விட்ட விரலு, ஜுரம்னா நெத்தியத் தொட்டுப் பாத்த விரலு, எனக்குத் தெரியாதா? அந்தக் காலத்துல சின்னப் புள்ளைங்கள கூடத்துக்குள்ள விட மாட்டாங்க. அதனால எங்கம்மா எந்திரிச்சு நின்னு மூணு தடவ சொன்னது எனக்குத் தெரியாமயே போச்சு. அன்னிக்கு வீட்டுக்கு வந்து, இனிமே நீ அதப் பத்திப் பேசக் கூடாதுன்னா. நான் பேசல.

அந்தச் சீட்டப் பாத்ததுக்கு அப்புறம் எங்கம்மா இன்னும் பதினோரு வருஷம் இருந்தா, என் கூடத்தான். வேளாவேளைக்குச் சோறு போட்டேன், படுக்கையில விழுந்தப்ப குளிப்பாட்டி விட்டேன், ஒரு கொறை வைக்கல. கேக்கவும் இல்ல. அவளும் சொல்லல. முந்தாநாள் அந்த அதிகாரி கேக்கக் கேக்க பெரியவரப் பத்தி நான் மூணு பக்கம் சொன்னேன், ஒரு சொட்டுத் தண்ணி கண்ணுல வரல. எங்கம்மா மேல நான் எந்த ஸ்டேஷன்ல போய் எழுதிக் குடுக்க, சொல்லு.

பாவம், அவளுக்கு எழுத்து தெரியாது, எதுல விரல் வைக்கிறோம்னு புரியாம வச்சிருப்பான்னு இத்தனை வருஷமா மனசத் தேத்திக்கிட்டு வரேன். உனக்குப் படிக்கத் தெரியும். இந்தா பேனா.